நன்கொடை கொடுத்தால் நாற்காலி!



பொன்விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழுச் செயலர் ஃபோன் செய்தார். "வழக்கமா எழுதற வருமான வரி சமாச்சாரம் வேண்டாம்ப்பா, சுவையா ஏதாவது எழுது" என்று கண்டிஷன் வேறு. சரி என்று உட்கார்ந்தேன். எழுதி முடித்துப் பார்த்தால் வரலாறும் இருக்கிறது, வருமான வரியும் இருக்கிறது. நாற்பது வருஷம் ஆடிட்டர் தொழில் பார்த்தவன் பேனா வேறு எங்கே போகும்? பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற பொதுக்குழுவில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கல்லூரி மைதானத்தின் மேற்குப் பக்கத்தில், நாம் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே மேட்ச் பார்த்த அந்த இடத்தில், கூரை போட்ட கேலரி ஒன்று கட்டித் தருவது என்று தீர்மானம். அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. பணம் திரட்டும் வழியைப் பற்றிப் பேச்சு வந்தபோதுதான் ஒரு நண்பர் எழுந்து, "ஐம்பதாயிரம் கொடுக்கிறவங்களுக்கு முன்வரிசையிலே பேர் எழுதின நாற்காலி, ஆயுசு பூரா அவங்களுக்கே" என்றார். பாதிப் பேர் கைதட்டினார்கள். பாதிப் பேர் முணுமுணுத்தார்கள். முடிவெடுக்காமலே டிபனுக்குக் கலைந்துவிட்டோம்.

எனக்கு அன்று ராத்திரி ஞாபகம் வந்தவர், அமெரிக்காவில் என் மகள் குடியிருக்கும் தெருவில் பக்கத்து வீட்டுப் பெரியவர். அந்த ஊரே ஒரு பல்கலைக்கழகத்தைச் சுற்றி எழுந்த ஊர். பெயர் இங்கே வேண்டாம். பெரியவர் அங்கேயே படித்து, அதே ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர். முப்பத்தோரு வருஷம், மனைவியோடு, ஒரே இரண்டு இருக்கைகளில் உட்கார்ந்து கல்லூரிக் கால்பந்து பார்த்தவர். மழையோ பனியோ, ஒரு ஆட்டம் விட்டதில்லையாம். ஒரு வருஷம் கடிதம் வந்தது. "உங்கள் இருக்கைகளைத் தக்கவைத்துக்கொள்ள, டிக்கெட் விலை நீங்கலாக, இருக்கை ஒன்றுக்கு இவ்வளவு டாலர் நன்கொடை, இன்ன தேதிக்குள்."

வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவர் என்னைக் கேட்டார்: "நீங்கள் கணக்குப் படித்தவர். சொல்லுங்கள். நன்கொடை என்றும் போட்டிருக்கிறார்கள், கடைசித் தேதியும் போட்டிருக்கிறார்கள். அது எப்படி?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தேடிப் படித்ததில் கிடைத்ததுதான் இந்தக் கதை.

சீசன் டிக்கெட் என்றால்

நமக்குச் சீசன் டிக்கெட் என்றால் செங்கல்பட்டிலிருந்து பீச் ஸ்டேஷன் வரை போகிற ரயில் பாஸ். சேப்பாக்கத்தில் பொங்கல் டெஸ்ட் மேட்ச் பார்த்தவர்களுக்கு ஐந்து நாளுக்கும் சேர்த்து வாங்கிய டிக்கெட்டும் நினைவுக்கு வரும். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் சீசன் டிக்கெட் என்பது, ஆகஸ்ட் கடைசி வாக்கில் ஆரம்பித்து நவம்பர் வரை சொந்த மைதானத்தில் நடக்கிற ஆறேழு ஆட்டங்களுக்கும் சேர்த்து ஒரே இருக்கை. அவர்கள் கால்பந்து நம் ஃபுட்பால் இல்லை. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது, முட்டுவது, விழுவது, மறுபடி எழுந்து முட்டுவது. மைதானம் நூறு கெஜ நீளம். நடுவில் இருப்பது ஐம்பது கெஜக் கோடு. அதற்கு நேரே உட்கார்ந்தவன் ராஜா. கோல் கம்பத்துக்குப் பின்னால் மூலையில் இருப்பவனுக்குத் தொப்பிதான் தெரியும்.

கல்லூரி மேட்ச்தானே, ஐந்நூறு பேர் வருவார்களாக்கும் என்று நினைக்க வேண்டாம். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். சனிக்கிழமை மத்தியானம் ஊர் முழுக்க அங்கேதான்.

பெரிய அணி வைத்திருக்கிற பல்கலைக்கழகங்களில் நல்ல இடத்து இருக்கைக்கு இரண்டு பணம் கட்ட வேண்டும். ஒன்று டிக்கெட் விலை. மற்றது நன்கொடை, பெரும்பாலும் இதற்கென்றே பல்கலைக்கழகத்தை ஒட்டி ஒரு ரசிகர் நிதி அமைப்பு இருக்கும், அதற்குப் போகும். இரண்டாவதைக் கட்டினால்தான் முதலாவதைக் கட்டும் பாக்கியம். எத்தனை டாலர் கொடுத்தார், எத்தனை வருஷமாகக் கொடுக்கிறார் என்பதற்கெல்லாம் புள்ளிகள் உண்டு. புள்ளி ஏற ஏற நடுக்கோட்டுப் பக்கம் நகரலாம். நம் சபாக்களில் மார்கழிக் கச்சேரிக்கு டோனர்களுக்கு முன்வரிசை என்று இருக்கிறதே, அதைப் போல நூறு மடங்கு.

பணம் எந்த வழியாக இங்கே வந்து சேர்ந்தது என்பதுதான் எனக்குச் சுவாரசியமாக இருந்தது. ஏனென்றால் ஆரம்பம் நம்மைப் போன்ற ஒரு பழைய மாணவர் அணியில்.

வெள்ளிவிழாப் பரிசு

ஹார்வர்டில் மரப்பலகை கேலரிகள்தான் இருந்தன. தீப்பிடிக்கும் பயம் எப்போதும் உண்டு. 1879-இல் படிப்பை முடித்த அணி தங்கள் வெள்ளிவிழா நெருங்குகிற சமயத்தில் ஒரு லட்சம் டாலர் கொடுத்தது. அந்தப் பணத்தோடு மேலும் திரட்டி, 1903-இல் கான்கிரீட்டில் ஹார்வர்டு ஸ்டேடியம் எழுந்தது. அவ்வளவு பெரிய கான்கிரீட் விளையாட்டரங்கம் அந்த நாட்டுக்கே புதிது. இன்றும் நிற்கிறது.

போட்டிக் கல்லூரியான யேல் சும்மா இருக்குமா? 1914 நவம்பரில் சுமார் 70,000 பேர் கொள்ளும் கிண்ணம் போன்ற மைதானத்தைத் திறந்தார்கள். திறந்த அன்றே ஹார்வர்டு 36-0 என்று அடித்துவிட்டுப் போனது தனிக் கதை. யேலில் பணம் கொடுத்தவர்களுக்கு டிக்கெட் வாங்குவதில் முன்னுரிமை தரப்பட்டது. பரிசுக்கும் இருக்கைக்கும் நடுவே முதல் முடிச்சு இங்கே விழுந்துவிட்டது என்பது என் கணிப்பு.

ஆனாலும் எனக்குப் பிடித்தது மிச்சிகன் கதை. அங்கே ஃபீல்டிங் யோஸ்ட் என்று ஒரு பெரும் பயிற்சியாளர், பின்னாளில் விளையாட்டுத் துறைத் தலைவர். புது மைதானம் கட்ட வேண்டும். அரசாங்கப் பணம் கேட்கக்கூடாது. என்ன செய்தார்? 500 டாலர் மதிப்பில் 3,000 கடன் பத்திரங்கள் வெளியிட்டார். வட்டி 3 சதவிகிதம். பத்திரம் வாங்குகிறவருக்குப் பத்து வருஷத்துக்கு, இரு பக்கமும் முப்பது கெஜக் கோடுகளுக்கு இடையில், அதாவது நல்ல இடத்தில், டிக்கெட் வாங்கும் உரிமை. மைதானம் 1927 அக்டோபர் 1-ஆம் தேதி முதல் ஆட்டம் கண்டது.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ரசிகர் பணம் கொடுத்தார். ஆனால் அது கடன். அசல் திரும்பி வரும், வட்டியும் வரும், நல்ல இருக்கையும் உண்டு. பல்கலைக்கழகம் கைநீட்டிக் கடன் வாங்கியது, நன்றியோடு இடம் கொடுத்தது. இந்த 500 டாலரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடியும் வருவார்.

பாலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும்

மிச்சிகன் செல்வச் செழிப்பான இடம். தெற்கே தென் கரோலினாவில் கிளெம்சன் என்று ஒரு விவசாயக் கல்லூரி. மாணவர்கள் ராணுவச் சீருடை அணிந்து படித்த காலம். 1931-இல் சிட்டடெல் என்ற கல்லூரியிடம் 6-0 என்று தோற்றார்கள். ஆட்டம் முடிந்தபின் மைதானத்துக்கு வெளியே ஒரு காருக்குள் பயிற்சியாளர் ஜெஸ் நீலியும் இன்னும் சிலரும் உட்கார்ந்து, இப்படியே போனால் என்ன ஆவது என்று பேசினார்கள். வருஷத்துக்கு ஒரு பத்தாயிரம் டாலர் இருந்தால் நல்ல அணி ஒன்றைத் தருவேன் என்றார் நீலி.

பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலம். ஆளுக்கு 50 டாலர் என்று முதலில் யோசித்தார்கள், எவரிடமும் இல்லை. அட்லாண்டாவில் டாக்டராக இருந்த பழைய மாணவர் ரூபர்ட் ஃபைக், 1934 ஆகஸ்டில் அதை 10 டாலராகக் குறைத்து ஒரு சங்கம் தொடங்கினார். பெயர் 'இப்டே'. 'வருஷத்துக்குப் பத்து கொடுக்கிறேன்' என்று பொருள்படும் ஆங்கில வாக்கியத்தின் முதல் எழுத்துகள். ரகசிய சங்கம் மாதிரி உறுதிமொழி, புலிப் பெயர்களில் பதவிகள் என்று ஏக அமர்க்களம். அவர்கள் அணியின் சின்னம் புலி. முதல் வருஷம் பணம் கட்டியவர்கள் நூற்றறுபது சொச்சம் பேர்தான். காசாக இல்லாதவர்கள் பாலாகவும் சர்க்கரைவள்ளிக் கிழங்காகவும் கீரையாகவும் கொண்டுவந்து கொடுத்ததாக இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். நம் ஊர்த் திண்ணைப் பள்ளி வாத்தியாருக்கு நெல்லும் காய்கறியும் கொடுத்த மாதிரிதான்.

பலன் கிடைத்தது. 1940 ஜனவரி 1-ஆம் தேதி டல்லாஸில் நடந்த காட்டன் பௌல் ஆட்டத்தில் பாஸ்டன் கல்லூரியை 6-3 என்று வென்றார்கள். பத்து டாலர் கொடுத்த விவசாயி ஒவ்வொருவரும் அன்று தானே ஜெயித்ததாக நினைத்திருப்பார். நினைக்கட்டும், அவருக்கு உரிமை உண்டு.

பார்த்தீர்களா, இதுவரை யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை.

நன்றி எப்போது நிபந்தனை ஆனது?

ஒரே நாளில் யாரும் தீர்மானம் போட்டு மாற்றவில்லை. 1956-இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் (என்.சி.ஏ.ஏ.) ஒரு விதி கொண்டுவந்தது. குடும்ப வருமானம் எதுவாக இருந்தாலும், விளையாட்டுத் திறமைக்காகவே முழு உதவித்தொகை கொடுக்கலாம் என்று. அதுவரை மறைவாகக் கொடுத்தது வெளிச்சத்துக்கு வந்தது, நல்லதுதான். ஆனால் உதவித்தொகைக்கு வருஷா வருஷம் பணம் வேண்டும். கிளெம்சன் மாதிரி சங்கங்கள் எல்லா ஊரிலும் பெருகின. பயிற்சியாளர் சம்பளமும் ஏறிக்கொண்டே போனது. 1972-இல் வந்த சம உரிமைச் சட்டத்தால் பெண்கள் அணிகளுக்கும் செலவு செய்ய வேண்டியதாயிற்று. (அது செய்ய வேண்டிய செலவு. எல்லாப் பழியையும் அதன் தலையில் போடுகிறவர்கள் பயிற்சியாளர் சம்பளத்தைப் பற்றிப் பேசுவதில்லை.)

கொடுத்தவருக்கு நன்றியாக நல்ல இடம் என்று ஆரம்பித்தது. அடுத்து, கொடுத்தவருக்கு முதலில் கொடுத்துவிட்டு மிச்சத்தை மற்றவர்களுக்கு என்றானது. ஜெயிக்கிற அணிகளில் மிச்சமே இல்லாமல் போனபோது, கொடுக்காதவருக்கு இடமே இல்லை என்றானது. முதல் படியில் நிற்பவருக்கு மூன்றாவது படி தெரியாது. இதை எழுதும்போது நம் பொதுக்குழுவில் எழுந்து பேசிய நண்பரின் முகம் எனக்கு முன்னால் வருகிறது. அவர் மனசில் கெட்டது எதுவும் இல்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

வரி ஆபீசர் உள்ளே வருகிறார்

அமெரிக்காவில் தருமத்துக்குக் கொடுத்த பணத்தை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் சலுகை 1917 முதல் இருக்கிறது. நம் 80ஜி-க்குப் பெரியப்பா என்று வையுங்கள். எந்த நாட்டு வரிச் சட்டத்திலும் பாலபாடம் ஒன்று உண்டு: பதிலுக்கு எதையாவது வாங்கிக்கொண்டால், அந்த அளவுக்கு அது தானம் இல்லை, விலை. கோயில் உண்டியலில் போட்டது தானம். பிரசாத ஸ்டாலில் கொடுத்தது வியாபாரம்.

1984-இல் அந்த நாட்டு வரித்துறை விழித்துக்கொண்டது. நல்ல இருக்கை வாங்கும் உரிமைக்காகக் கொடுக்கிற பணம் தருமம் ஆகாது என்று அறிவித்தது. கூக்குரல் கிளம்பியது. அறிவிப்பை நிறுத்தி வைத்துவிட்டு, 1986-இல் உதாரணங்களோடு புது விளக்கம் வெளியிட்டார்கள். அதில் ஓர் உதாரணம்: ஒருவர் 300 டாலர் கொடுத்து உறுப்பினர் ஆகிறார். உறுப்பினருக்குக் கிடைக்கும் ஒரே சலுகை, 120 டாலருக்குச் சீசன் டிக்கெட் வாங்கலாம். ஆட்டங்களுக்கோ டிக்கெட் எல்லாம் முன்கூட்டியே விற்றுத் தீர்ந்துவிடும். உறுப்பினர் அல்லாதவருக்குக் கிடைப்பது கஷ்டம். அப்படியானால் அந்த 300-க்கு ஒரு மதிப்பு இருக்கிறது, அதைக் கழித்துவிட்டு மிஞ்சினால்தான் தானம் என்றது துறை. நான் ஆடிட்டர் என்ற முறையில் எழுந்து நின்று கைதட்டினேன்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. அதே 1986-இல் பெரிய வரிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அதன் மூலையில் ஒரு சிறிய பிரிவு. சில கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. ரசிகர்கள் கொடுப்பது முழுக்கத் தருமமே. எந்த நிறுவனங்கள்? பெயர் சொல்லவில்லை. மாநில அரசியல் சட்டத்தால் 1876-இல் கட்டளையிடப்பட்டு, 1881-இல் சட்டமன்றத்தால் நிறுவப்பட்டு, 1883 செப்டம்பர் 15-இல் திறக்கப்பட்ட, மாநிலத் தலைநகரில் உள்ள நிறுவனம் ஒன்று. 1860 ஜனவரி 2-இல் கதவு திறந்த நிறுவனம் இன்னொன்று. ஜாதகம் எழுதுகிற மாதிரி பிறந்த தேதி, இடம் எல்லாம் போட்டுவிட்டுப் பெயரை மட்டும் விட்டுவிட்டார்கள்! அந்த ஜாதகம் பொருந்துவது ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கும், லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும்தான். லூசியானா செனட்டர் ரஸ்ஸல் லாங், செனட்டின் நிதிக் குழுவில் பெரும்புள்ளி. ஆஸ்டின் தொகுதி உறுப்பினர் ஜேக் பிக்கிள், பிரதிநிதிகள் சபையின் வரிக் குழுவில் மூத்தவர். (பிக்கிள் என்பது அவருடைய குடும்பப் பெயரேதான், நான் வைத்த பட்டப்பெயர் இல்லை.)

மற்றக் கல்லூரிகள் சும்மா இருக்குமா? "அவங்களுக்கு மட்டும் லட்டு, எங்களுக்குப் பூந்தியா?" என்று எல்லோரும் கிளம்பினார்கள். 1988-இல் சமரசம் ஆயிற்று. டிக்கெட் வாங்கும் உரிமைக்காகக் கொடுக்கும் நன்கொடையில் 80 சதவிகிதத்தைத் தருமமாக எல்லா உயர்கல்வி நிறுவனங்களின் ரசிகர்களும் கழித்துக்கொள்ளலாம். ஏன் 80, ஏன் 60 இல்லை என்று என்னைக் கேட்காதீர்கள். காய்கறிக் கடையில் பேரம் பேசி முடிப்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், ஒரே ஒரு கணக்கு. நடுக்கோட்டு இருக்கைக்காக ஒருவர் 1,000 டாலர் கட்டுகிறார். 800-ஐ வருமானத்தில் கழித்துக்கொள்கிறார். அவர் 35 சதவிகித வரி கட்டுபவர் என்றால் 280 டாலர் மிச்சம். அந்த 280-ஐ வேறு யாரோ கட்டுகிறார்கள். அந்த மைதானத்தைக் கண்ணால் பார்த்திராதவர், காலையில் பஸ் ஏறி வேலைக்குப் போகிறவர், அவர் கட்டுகிறார். இதனால்தான் 'நன்கொடை' என்ற சொல்லைப் பல்கலைக்கழகங்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. டிக்கெட் விலையை நேரடியாக 1,000 ஏற்றினால் ரசிகருக்குச் சலுகை இல்லை; நன்கொடை என்று பெயர் வைத்தால் உண்டு. பெயரில் என்ன இருக்கிறது என்பார்கள். 280 டாலர் இருக்கிறது.

நமக்கும் இந்தச் சொல் புதுசு இல்லையே. நம் ஊரில் 'நன்கொடை' என்றால் ஒரு அர்த்தம், 'டொனேஷன்' என்றால் வேறு அர்த்தம். எல்.கே.ஜி. சீட்டுக்கு டொனேஷன் கொடுத்த எந்த அப்பாவும் தான் தருமம் செய்ததாக நினைத்ததில்லை. 1992-இல் தமிழ்நாட்டில் அதைத் தடுக்கச் சட்டமே வந்தது. வந்தபின் என்ன ஆயிற்று என்று பேரப்பிள்ளைகளுக்குச் சீட் வாங்கியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாணவர்கள் எங்கே போனார்கள்?

பணம் கொடுத்தவர் நடுவில் உட்கார்ந்தால், ஏற்கெனவே அங்கே இருந்தவர் எங்கே போவார்? இதற்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உதாரணம் வட கரோலினாவில் இருக்கின்றன. கூடைப்பந்துதான் அந்தப் பக்கத்து மதம்.

சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகம் 1986 ஜனவரியில் 21,000-க்கும் மேற்பட்டோர் உட்காரும் பிரம்மாண்ட அரங்கைத் திறந்தது. பயிற்சியாளர் டீன் ஸ்மித்தின் பெயர். சுமார் 3.4 கோடி டாலர், முழுக்கத் தனியார் நன்கொடை. கொடுத்தவர்களுக்கு ஆடுகளத்தை ஒட்டிய நல்ல இடங்கள். மாணவர்களில் பெரும்பாலோருக்குத் தூரத்து இடங்கள். சில வருஷங்களில் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆட்டக்காரர் சாம் காசெல் அங்கே வந்து விளையாடி ஜெயித்துவிட்டு, இங்கே இருப்பது பாலாடைக்கட்டியும் திராட்சை மதுவும் வைத்துக்கொண்டு சாவகாசமாக உட்காரும் கூட்டம் என்கிற மாதிரி ஒரு வார்த்தையை வீசிவிட்டுப் போனார். அது இன்று வரை அழியவில்லை.

அடுத்த ஊரான டர்ஹாமில் டியூக் பல்கலைக்கழகம். 1940-இல் கட்டிய பழைய அரங்கம், 9,314 இருக்கைதான். ஆடுகளத்தை ஒட்டி மாணவர்கள்தான் நிற்பார்கள். எதிர் அணி பந்து போட வரும்போது காதைக் கிழிக்கும் கூச்சல். அவர்களுக்குக் கட்டணம் இல்லை. அதற்குப் பதில் வேறு விலை: பெரிய ஆட்டத்துக்கு இடம் பிடிக்க 1986 முதல் குளிரில் கூடாரம் போட்டு வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். சேப்பாக்கம் டிக்கெட்டுக்காக விடிய விடிய க்யூவில் நின்றவர்கள் நம் ஹாஸ்டலில் இருந்தார்களே, அவர்களுக்கு இது புரியும். டியூக்கிலும் பணக்கார நன்கொடையாளர்களுக்குக் குறைவில்லை. மேல் தளத்தில் அவர்களும் நன்றாகவே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் கீழே யார் நிற்பது என்பதை அந்தப் பல்கலைக்கழகம் விற்காமல் வைத்துக்கொண்டது.

மறுபடியும் அந்த 500 டாலர்

மிச்சிகனுக்கு வருவோம். பல பெரிய பல்கலைக்கழகங்கள் கட்டாய நன்கொடைக்கு மாறி வெகுகாலம் கழித்து, 2005-இல்தான் அங்கே கால்பந்துக்கு அது வந்தது. துறைத் தலைவர் பில் மார்ட்டின் கொண்டுவந்தார். மைதானத்தைப் புதுப்பிக்க வேண்டும். அந்த வேலை 2010-இல் முடிந்தபோது 22.6 கோடி டாலர் ஆகியிருந்தது. நல்ல இடத்து இருக்கை ஒன்றுக்கு வருஷத்துக்கு 500 டாலர் வரை நன்கொடை.

1927-இல் அதே மைதானத்தில் ரசிகர் கொடுத்ததும் 500 டாலர். (அன்றைய 500-க்கு மதிப்பு ரொம்ப அதிகம் என்பது தெரியும், ஆடிட்டருக்குச் சொல்லித் தர வேண்டாம்.) அன்று அது கடன், பத்து வருஷத்துக்கு இருக்கை உரிமை, மேலே 3 சதவிகித வட்டி. 2005-இல் கொடுத்தது போனதுதான். அடுத்த வருஷம் மறுபடி கொடுத்தால் மறுபடி இருக்கை. எண்பது வருஷத்துக்குள் ஸ்டேடியமும் ரசிகரும் இடம் மாறிக்கொண்டார்கள்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பணத்தில் பொறுக்கி எடுத்த கால்பந்து ஆட்டக்காரர்கள் மட்டும் வாழவில்லை. நீச்சல், ஓட்டம், ஜிம்னாஸ்டிக்ஸ் என்று டிக்கெட் விற்காத இருபது அணிகளும் அதே பானையில்தான் சாப்பிடுகின்றன. டிக்கெட் விலையைக் குறைவாக வைத்தால் பிளாக்கில் விற்பவன் சம்பாதிப்பான், அதற்குக் கல்லூரியே வாங்கிக்கொள்ளட்டும் என்ற வாதமும் இருக்கிறது. அதை நான் மறுக்க மாட்டேன். என் சண்டை விலையோடு இல்லை, அந்தச் சொல்லோடு.

2006-இல் பிரதிநிதிகள் சபை வரிக் குழுத் தலைவர் பில் தாமஸ், கல்லூரி விளையாட்டுக்கு வரிச் சலுகை எதற்கு என்று விளையாட்டுச் சங்கத்துக்குக் காரமாகக் கடிதம் எழுதினார். 2009-இல் நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகம், பெரிய கல்லூரிகளின் விளையாட்டுத் துறை வருமானத்தில் 60 முதல் 80 சதவிகிதம் வரை வியாபாரம் என்றே சொல்லத்தக்க வழிகளில் வருகிறது என்று அறிக்கை கொடுத்தது. ஒன்றும் நடக்கவில்லை.

நடந்தது 2017 டிசம்பர் 22-இல். அன்று கையெழுத்தான வரிச் சட்டம் அந்த 80 சதவிகிதத்தை அடியோடு நீக்கியது. வருஷத்துக்குச் சுமார் 20 கோடி டாலர் அரசுக்கு மிச்சம் என்று மதிப்பிட்டார்கள். சலுகை டிசம்பர் 31 வரைதான். கிறிஸ்துமஸ் வாரத்தில் பல்கலைக்கழகங்கள் பல, ரசிகர்களுக்கு அவசரக் கடிதம் அனுப்பின: அடுத்த வருஷத்து நன்கொடையை இப்போதே கட்டிவிடுங்கள், சலுகை உண்டு. மார்ச் 31 ராத்திரி நம் ஆபீஸ்களில் நடக்கும் கூத்தேதான்.

அடுத்த கோடையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது வேலிப் பக்கம் இதைப் பெரியவரிடம் சொன்னேன். "வரிச் சலுகை போய்விட்டது சார், இனிமேல் அது தருமம் இல்லை என்று அரசாங்கமே சொல்லிவிட்டது." அவர் கேட்டார்: "பணம் கேட்பதை நிறுத்திவிட்டார்களா?" இல்லை என்றேன். "பெயரையாவது மாற்றினார்களா?" அதுவும் இல்லை. சிரித்துக்கொண்டே உள்ளே போய் ரேடியோவை வெளியே எடுத்து வந்தார். அவர் மனைவி காலமானபின், சீட்டையும் விட்டபின், சனிக்கிழமைகளில் ரேடியோ வர்ணனைதான். மைதானம் அங்கிருந்து இரண்டு மைல். காற்று இந்தப் பக்கம் அடித்தால், ரேடியோவில் கேட்கும் ஆரவாரம் கொஞ்ச நேரம் கழித்தோ முந்தியோ நேரிலும் கேட்கும்.

பெயர் மாற்றமும் ஒரு வழியாக ஓரிடத்தில் வந்தது. 2021 முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் புகழையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆனது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்களே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் வருஷ உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். இது வரப்போகிறது என்று தெரிந்ததுமே, 2024 செப்டம்பரில், டென்னசி பல்கலைக்கழகம் அடுத்த சீசன் டிக்கெட்டின் மீது 10 சதவிகிதம் கூடுதலாக வசூலிப்பதாக அறிவித்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'திறமைக் கட்டணம்'. கட்டணம்! விலை ஏறியதற்குச் சந்தோஷப்பட்டவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நம் கேலரி விஷயம் இந்தப் பொன்விழாப் பொதுக்குழுவில் மறுபடியும் வருகிறது. முன்வரிசை நாற்காலிகளை விற்பதென்று முடிவானால், தயவுசெய்து விலைப்பட்டியலில் விலை என்றே போடுங்கள். 80ஜி ரசீதில் அதை ஏற்றாதீர்கள், பின்னால் கணக்குக் கேட்டு நோட்டீஸ் வந்தால் ஆஜராக வேண்டியது நான்தான். என் பங்குக்குச் செக் எழுதிப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன். நாற்காலியில் பெயர் எழுதும் பட்டியலில் என்னைச் சேர்க்க வேண்டாம். அந்த வேப்பமரத்தை வெட்டாமல் கட்ட முடியுமா என்று மட்டும் இன்ஜினீயரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

(பி.காம்., 1972–75)